கிரேக்கத் தீவில் காற்றுக்கு ஒதுங்கிய கடற்கரைக்குப் போவது எப்படி? (சிஃப்னோஸ் தீவு, வதி விரிகுடா)

தினோஸ் தீவின் வடக்குக் கரையில் கொலிம்பித்ரா என்று ஒரு கடற்கரை இருக்கிறது. படத்தில் பார்த்தால் மஞ்சள் மணல், இரண்டு பக்கமும் குன்று, நடுவில் நீலம். ஒரு ஜூலை மாதம் அம்மாவையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் அங்கே போனோம். வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. காரை விட்டு இறங்கினதும் மணல் கணுக்காலில் ஊசி மாதிரி குத்த ஆரம்பித்தது. தண்ணீரில் ஆள் உயர அலை, அதில் பலகை வைத்துச் சறுக்கப் பழகுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதாள், அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

அதற்கு அடுத்த பயணத்தில் சிஃப்னோஸ் தீவின் வதிக்குப் போனோம். அன்றைக்கும் கிட்டத்தட்ட அதே காற்றுதான். ஆனால் முழங்கால் ஆழத்துத் தண்ணீரில் அம்மா ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அவர் காலைச் சுற்றி விரல் நீளக் குட்டி மீன்கள் மேய்ந்தன. இரண்டு நாளுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. விசா, விமானம், ஏதென்ஸில் எங்கே தங்குவது எல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: எப்போது, எந்தத் தீவு

ஜூன் அல்லது செப்டம்பர். ஆகஸ்ட் 15 மாதா பண்டிகையை ஒட்டிய இரண்டு வாரம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம், கிரேக்கர்களே எல்லோரும் தீவுகளுக்குப் போகும் சமயம் அது. தண்ணீர் ஜூனில் கொஞ்சம் குளிரும், செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் ஆறியிருக்காது. குழந்தை, வயதானவர்கள் கூட வந்தால் செப்டம்பர்தான் என் கட்சி.

தீவு என்றால் சிஃப்னோஸ். சுமார் 74 சதுர கிலோமீட்டர், விமான நிலையம் கிடையாது, கப்பலில்தான் போக வேண்டும். கூட்டம் குறைவதற்கு அதுவே பாதிக் காரணம். தென்மேற்குக் கரையில் வதி. வதி என்றால் கிரேக்கத்தில் ஆழம். விரிகுடா நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்திருக்கிறது. ஆனால் கரையோரத் தண்ணீருக்கும் ஆழத்துக்கும் சம்பந்தமே இல்லை, ரொம்ப தூரம் நடந்தால்தான் இடுப்பளவு வரும். இரண்டு பக்கமும் மலைக் கைகள் நீண்டு, வாய் குறுகி, குளம் போல இருக்கும். 1990-கள் வரை இங்கே வர சாலையே கிடையாது, படகிலோ மலைப்பாதையிலோதான் வந்தார்கள்.

படி 2: காற்றைப் படிப்பது

நான் தப்பு செய்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தினோஸில் அன்று காலை கைபேசியின் வானிலைச் செயலியில் ஒரு சூரியப் படம், 29 டிகிரி, பக்கத்தில் வடக்கைக் குறிக்கும் 'என்' எழுத்து, கீழ்நோக்கி ஒரு அம்பு. அம்பு தெற்கே காட்டுகிறது, ஆகவே காற்று தெற்குக் கரையில் அடிக்கும், வடக்குக் கரைக்குப் போனால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நேர் தலைகீழ். காற்றுக்குப் பெயர் வைப்பது அது கிளம்பும் திசையை வைத்து. அம்பு காட்டுவது அது போய்ச் சேரும் திசையை. வடக்குக் காற்று வடக்குக் கரையில்தான் முதலில் மோதும். தமிழில் யோசித்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று புறப்படும் திசைக்குத்தானே நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

கிரேக்கர்களும் அப்படித்தான். ஏதென்ஸில் ஒரு நாள் இருந்தால் ரோமன் அகோரா இடிபாடுகளுக்குள் நிற்கும் காற்றுக் கோபுரத்தைப் பாருங்கள். எட்டுப் பட்டை வைத்த பளிங்குக் கட்டடம், இரண்டாயிரம் வருடப் பழசு, எட்டுப் பக்கத்திலும் மேலே எட்டுக் காற்றுத் தெய்வங்கள். வடக்குக் காற்றான போரியாஸ் தாடி வைத்து, கனத்த மேலாடை போர்த்தி, கையில் சங்கு வைத்திருக்கிறார். தெற்குக் காற்றான நோட்டோஸ் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். வடக்கிலிருந்து ஊதும் அந்தச் சங்கைப் பார்த்த பிறகு திசை எனக்கு மறக்கவே இல்லை.

ஏஜியன் கடலில் கோடையில் வீசும் வடக்குக் காற்றுக்கு மெல்தேமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கி பக்கம் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. அந்தத் தாழ்வழுத்தம் நம் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் பெரிய தாழ்வழுத்தத்தின் மேற்கு நுனி. அங்கே குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில் இங்கே இது வீசுகிறது. ஆனால் இங்கே மழை இருக்காது, மேகம் இருக்காது. சூரியப் படத்தைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். பெரும்பாலும் காலையில் அடங்கியிருந்து பத்து, பதினொரு மணிக்குமேல் ஏறி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், இருட்டும்போது தணியும். சில தடவை மூன்று நான்கு நாள் ராத்திரி பகல் ஓயாது.

காற்றின் அளவை அங்கே யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. தவெர்னாவில் (அங்கத்திய சாப்பாட்டுக் கடை), கப்பலில், பேருந்தில், எல்லா இடத்திலும் "எத்தனை போஃபோர்?" என்றுதான் பேச்சு. போஃபோர்ட் அளவுகோல், 0 முதல் 12 வரை. 3 வரை (மணிக்கு 19 கி.மீ.) எந்தக் கரைக்கும் போகலாம். 5 என்றால் (29 முதல் 38) கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியும், திறந்த கரையில் குழந்தையை இறக்கக் கூடாது. 6, 7 என்றால் ஒதுங்கிய விரிகுடாவைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். 8-ஐத் தொட்டால் (62-க்கு மேல்) வழக்கமாகக் கப்பலையே நிறுத்திவிடுவார்கள்.

செயலி விஷயத்தில் எனக்கு வின்டிதான். கைபேசியோடு வரும் வானிலைச் செயலி இதற்கு உதவாது, அது அருகிலிருக்கும் ஊரின் காற்றைச் சொல்லும், கடலின் காற்றைச் சொல்லாது. வின்டியில் காற்று ஓடுவது கோடு கோடாகக் கண்ணுக்கே தெரியும், அலகைப் போஃபோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். மதியம் மூன்று மணிக்கு நேரத்தை நகர்த்திப் பாருங்கள், காலை ஒன்பது மணி நிலவரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் வரைபடம். கடற்கரையைப் பெரிதாக்கி, அங்கே துண்டை விரித்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முகம் எந்தத் திசையில் இருக்கிறது? வடக்குக் காற்று நாளில் முகம் வடக்கே இருந்தால் அந்தக் கரை வேண்டாம். தெற்கே இருந்து, முதுகுக்குப் பின்னால் மலையும் இருந்தால் நல்லது. வதிக்கு வாய் மேற்குப் பக்கம், ஆனால் குறுகிய வாய், வடக்கில் மலை. அதனால் வெளிக்கடலின் அலை உள்ளே வருவதில்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலைக்குப் பின்னால் ஒதுங்கிய கரையில் அலைதான் இல்லை, காற்று இருக்கும். பத்து நிமிடம் இலைகூட அசையாது, திடீரென்று மலைச் சரிவிலிருந்து ஒரு வீச்சு இறங்கி வரும். அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று குழந்தையைக் காற்று ஊதிய மெத்தையில், வளையத்தில் உட்கார வைத்தால், அந்த ஒரு வீச்சில் ஆள் நீந்தி எட்ட முடியாத தூரத்துக்கு அது போய்விடும். எங்கள் கண் முன்னாலேயே ஒருவருடைய காலி மெத்தை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் உருண்டுகொண்டே விரிகுடா வாயை நோக்கிப் போனது. அதில் யாரும் இல்லை என்பதுதான் நிம்மதி. மகளுக்கு உடம்போடு கட்டும் மிதவைச் சட்டை மட்டும்தான் கொடுக்கிறோம், ஊதும் பொருள் எதையும் வாங்குவதில்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 108, பொதுவான அவசர எண் 112.

படி 3: கப்பல்

ஏதென்ஸின் பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து கப்பல். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே பிரேயுஸ் வந்துவிடலாம், எக்ஸ்96 பேருந்தும் உண்டு. துறைமுகம் ரொம்பப் பெரியது, 'இ' என்ற எழுத்தோடு எண் போட்ட வாசல்கள் வெகு தூரத்துக்கு நீள்கின்றன. உங்கள் கப்பலின் வாசல் எண்ணை முதல்நாள் இரவும் காலையிலும் பார்த்துவிடுங்கள், மாறுவதுண்டு. டிக்கெட்டுக்கு நான் ஃபெர்ரிஹாப்பர் செயலியைத்தான் பயன்படுத்துகிறேன், எல்லா நிறுவனத்தின் நேரங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

விரைவுக் கப்பல் மூன்று மணி நேரத்துக்குள், சாதாரணப் பெரிய கப்பல் சுமார் ஐந்து மணி நேரம். நான் எப்போதும் பெரிய கப்பல்தான். விலை குறைவு, திறந்த மேல்தளத்தில் உட்காரலாம், காற்று நாளில் ஆட்டமும் குறைவு. விரைவுக் கப்பலில் பெரும்பாலும் உள்ளேயே உட்கார வேண்டும், வாந்தி வருகிறவர்களுக்குக் கஷ்டம், காற்று ஏறினால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான்.

கப்பலில் ஏறியதும் பெட்டியை வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில் தீவின் பெயர் போட்ட அடுக்கில் வைத்துவிட்டு மேலே போக வேண்டும். சிஃப்னோஸ் பெயர் கிரேக்க எழுத்தில் இருந்தால், கணக்கில் கூட்டுத்தொகைக்குப் போடும் அந்த சிக்மா எழுத்தில் ஆரம்பிக்கும். கப்பல் தீவில் சில நிமிடம்தான் நிற்கும், அறிவிப்பு வந்த உடனே கீழே இறங்கித் தயாராக நில்லுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் ஏறும்போதே மின்தூக்கி எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. செங்குத்துப் படிகளில் அம்மா பட்ட கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முக்கியமாக, திரும்பி வரும் கப்பலுக்கும் ஊருக்கு வரும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். காற்றால் கப்பல் நின்றால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், விமானம் காத்திருக்காது.

படி 4: துறைமுகத்திலிருந்து வதிக்கு

கப்பல் கமாரெஸ் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து பேருந்தில் மலைமேல் இருக்கும் அப்பொலோனியா, அங்கே மாறி வதி. இரண்டாவது பேருந்து அரை மணிக்குள் இறக்கிவிடும். கடைசி வளைவில் திரும்பும்போது விரிகுடா முழுசாகக் கீழே தெரியும், வலப்பக்கமோ இடப்பக்கமோ எங்கே உட்கார்ந்தாலும் தெரியும், எழுந்து நிற்க வேண்டாம்.

பேருந்து நேரப் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். அதில் ஒரு பொறி இருக்கிறது. கிரேக்கத்தில் முற்பகலைச் சுருக்கமாக 'பை, மி' என்று இரண்டு எழுத்தில் எழுதுவார்கள். பிற்பகலுக்கு 'மி, மி'. அந்தப் 'பை' எழுத்தை 'பி' என்று வாசித்து, ஆங்கில 'பி.எம்.' என்று நினைத்து, காலைப் பேருந்தை மாலைப் பேருந்தாக எடுத்துக்கொள்வது ரொம்ப எளிது. என் மனைவி கவனித்திருக்காவிட்டால் நாங்கள் ஆறு மணிக்கு இல்லாத பேருந்துக்காக நின்றிருப்போம். கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 5: கரையில்

முதலில் நிழல். கரையோரம் வரிசையாக டாமரிஸ்க் மரங்கள், பார்க்கச் சவுக்கு மாதிரி மெல்லிய இலை. கிரேக்கத்தில் அல்மிரிகி. அல்மிரா என்றால் உப்பு. மண்ணின் உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம், அதனால் காலையில் அதன் அடியில் படுத்தால் தோளில் விழும் துளி கரிக்கும். மகள் அதை நக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மரமாகப் போய்ச் சோதித்தாள். குடையை எடுத்துப் போகாதீர்கள், அந்த மலை வீச்சில் பறந்து அடுத்தவர் மேல் விழும். கடற்கரை சட்டப்படி பொது இடம், சாய்வு நாற்காலிக்குத்தான் காசு, மரத்தடிக்கு இல்லை.

விரிக்க, துவட்ட இரண்டுக்கும் ஈரிழைத் துண்டு போதும். கனத்த டர்க்கி டவல் நனைந்தால் பை முழுக்க ஈரம், மணலும் உதறினால் போகாது. ஈரிழைத் துண்டு மரக்கிளையில் போட்டால் கால் மணியில் காய்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு எடுத்துப் போனோம்.

வதியில் மணல்தான், வெறுங்காலே போதும். ஓரப் பாறைகளுக்குப் போனால் மட்டும் ரப்பர் அடி வைத்த தண்ணீர்க் காலணி போடுங்கள். பாறை இடுக்கில் கறுப்பு முள் பந்து மாதிரி கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், மிதித்தால் முள் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். கரையில் பழுப்பு நிறத்தில் ரிப்பன் மாதிரி குப்பை ஒதுங்கியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. அது இருக்கும் கடல் ஆரோக்கியமான கடல்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. காற்று தோலைக் குளிர வைத்துக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது, சாயங்காலம் குளிக்கும்போதுதான் தெரியும். தொப்பிக்குத் தாடையில் கட்டும் நாடா இருக்கட்டும்.

தண்ணீரைத் தொட்டுக்கொண்டே அதிதூதர்களின் வெள்ளைத் தேவாலயம் நிற்கிறது. அதன் மதிலில் சாயங்காலம் உட்கார்ந்தால் படகுகளின் நிழல் அடிமணலில் தெரியும். பக்கத்தில் மண்பாண்டப் பட்டறை உண்டு. சிஃப்னோஸ் காலங்காலமாகக் குயவர் தீவு. பானைகளை மலைமேல் தூக்காமல் நேரே படகில் ஏற்றலாம் என்பதற்காகவே இந்த விரிகுடாக்களின் கரையில் சூளை வைத்தார்கள். வீட்டுக் கூரைகளில் புகைபோக்கியாகக் கவிழ்த்த பானை மாதிரி ஒன்று இருக்கும், அதற்கு ஃப்ளாரோஸ் என்று பெயர், அதுவும் இவர்கள் செய்வதுதான்.

சேர்க்கை 1. பதிவைப் படித்துவிட்டுச் சைவம் கிடைக்குமா என்று பலர் கேட்டார்கள். நன்றாகக் கிடைக்கும். சிஃப்னோஸின் பெயர்பெற்ற சாப்பாடே ரெவித்தாதா என்ற கொண்டைக்கடலைக் குழம்புதான். கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரியாணி இலை, கொஞ்சம் எலுமிச்சை. மூடி போட்ட மண்பானையில் சனிக்கிழமை ராத்திரி விறகு அடுப்பில் வைத்துவிட்டு ஞாயிறு மதியம் எடுப்பார்கள். ஆகவே வதிக்கு ஞாயிற்றுக்கிழமை போகிற மாதிரி திட்டம் போடுங்கள். கடலை விரலால் அழுத்தினாலே வெண்ணெய் மாதிரி மசியும், அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேப்பர் என்ற செடியின் மொட்டில் செய்யும் சாலட்டும் தீவின் சொந்தச் சரக்கு. "நிஸ்திசிமோ" என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள், இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. ஆனால் கணவாய், இறால் விரதத்தில் சேர்த்தி, அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சேர்க்கை 2. ஒரு வாசகர் அறை பதிவு செய்த பிறகுதான் அது சாமோஸ் தீவின் வதி என்று கண்டுபிடித்தார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆழமான விரிகுடா எங்கே இருந்தாலும் அந்தப் பெயர் வைத்துவிடுவார்கள். சாமோஸில் உண்டு, இதாக்காவில் உண்டு, கலிம்னோஸில் உண்டு. பதிவு செய்யும் முன் சிஃப்னோஸ் என்ற பெயரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

சேர்க்கை 3. ஆகஸ்டில் போனவர் குளவித் தொல்லை பற்றி எழுதியிருந்தார். உண்மைதான், தவெர்னா மேசைக்கு வரும். கையை வீசாதீர்கள். கடைக்காரரிடம் சொன்னால் ஒரு சின்னத் தட்டில் காபித்தூளைக் குவித்துக் கொளுத்தி வைப்பார், அந்தப் புகைக்குப் பெரும்பாலும் விலகிவிடும்.

சேர்க்கை 4. அக்டோபர் தொடக்கத்தில் போன ஒரு தம்பதி, "குளம் மாதிரி என்றீர்கள், அலை அடித்ததே" என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் போன தேதியைக் கேட்டு வின்டியில் அந்த வாரக் காற்றைப் பார்த்தேன். தென்மேற்குக் காற்று. மெல்தேமி காலம் முடிந்தால் தெற்கு, மேற்குக் காற்றுகள் தலைதூக்கும், அப்போது வதியின் வாய் வழியாகவே அலை உள்ளே வரும். படி 2-இல் சொன்ன அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். தெற்குக் காற்று நாளில் வதிக்குப் பேருந்து ஏறாமல் கமாரெஸிலேயே இறங்கிக் குளிக்கலாம், அங்கேயும் நீளமான மணல் கரை உண்டு, தெற்கே மலை மறைக்கிறது.